எட்டு மாசக் குழந்தைக்கு என்ன புத்தகம்?

புத்தகத்தை நிஜமாகவே ருசித்துப் படிக்கிறவர்கள் உலகத்தில் ஒரே ஒரு கூட்டம்தான். ஒரு வயது நிரம்பாதவர்கள்! அட்டையைக் கடிப்பார்கள். மூலையைச் சப்புவார்கள். பக்கத்தைக் கசக்கி, சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். 'எடுத்துக் குடு' என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட வாசகருக்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது?

சின்னக் கேள்விதான். ஆனால், இதற்குள்ளே ஒரு பெரிய கேள்வி பதுங்கியிருக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாத ஒருவருக்காக நாம் எதையோ தேர்ந்தெடுக்கிறோமே... அதை யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறோம்? அந்தக் குழந்தைக்காகவா, நமக்காகவா, இல்லை, பக்கத்து ஃபிளாட்காரருக்காகவா?

சென்னைப் புத்தகக் கண்காட்சியில், குழந்தைகள் புத்தகம் விற்கிற ஸ்டால் பக்கம் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். இந்த மாதிரி ஒரு உரையாடல் காதில் விழும்.

"எட்டு மாசக் குழந்தைக்கு என்ன சார் இருக்கு?"

"இந்தப் பூனை புக் பாருங்க. நல்லா போகுது."

"இதுல என்ன கத்துக்கும்?"

"கத்துக்கிறதுன்னா... பூனை வருது, ஒளிஞ்சுக்குது, திரும்ப வருது. குழந்தைங்க சிரிக்கும் சார்."

"அது சரி. ஏபிசிடி, ஒன் டூ த்ரீ, அப்புறம் கொஞ்சம் மாரல் வேல்யூஸ்... எல்லாம் சேர்ந்த மாதிரி ஏதாவது?"

எட்டு மாசம். பல்லே இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் ஆங்கிலம், கணக்கு, ஒழுக்கம்!

அந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இன்னும் இரண்டு வருஷத்தில் பிரீகேஜி அட்மிஷன். அதற்கப்புறம் வரிசையாகத் தேர்வுகள், கட் ஆஃப், கோச்சிங். அந்த நீண்ட க்யூவில் தன் குழந்தை பின்னால் நின்றுவிடக் கூடாதே என்று தவிக்கிறார். குழந்தை தவழ ஆரம்பிக்கும்போதே க்யூ ஆரம்பித்துவிட்டதாக அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர்களில் மூத்தவர் பிளேட்டோ.

சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்னால், 'குடியரசு' என்ற தன் நூலில் இந்த விஷயத்தை அவர் எடுத்துப் பேசுகிறார். தாய்மார்களும் செவிலித் தாய்களும் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கண்காணிக்க வேண்டும். நல்ல கதைகளைப் பொறுக்கி எடுத்து அவற்றை மட்டுமே சொல்லச் செய்ய வேண்டும். கடவுள்கள் அடித்துக்கொள்ளும் கதையெல்லாம் கூடவே கூடாது என்கிறார். ஹோமருக்கே கத்தரி விழுந்தது! அவர் சொல்லும் காரணம் எளிமையானது. இளம் வயது மெத்தென்றிருக்கிறது. எந்த அச்சை அழுத்தினாலும் அப்படியே பதிந்துவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாமும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறோம். 'பச்சை மண்ணு சார், நாம எப்படிப் புடிச்சு வைக்கிறோமோ அப்படி வரும்.' பிளேட்டோ அரசாங்கத்துக்குக் கொடுத்த வேலையை நாம் அப்பா அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால், குழந்தையை மண் என்று நினைத்துவிட்டால் புத்தகம் கருவியாகிவிடும். படிக்கிற நீங்கள் குயவராகிவிடுவீர்கள். மடியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்கவே தோன்றாது.

சரி, மடியில் இருப்பவர் நிஜத்தில் எதைக் கேட்கிறார்? கொஞ்சம் விஞ்ஞானிகளைக் கேட்போம்.

1986-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். கர்ப்பிணிகளிடம் ஒரு குழந்தைக் கதையைக் கொடுத்து, பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் தினமும் இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். குழந்தை பிறந்தது. அதன் வாயில் ஒரு ரப்பர் காம்பு. ஒரு விதமாகச் சப்பினால் அம்மா படித்த கதை ஒலிக்கும். வேறு விதமாகச் சப்பினால் புதுக் கதை. பிறந்து சில நாளே ஆன அந்தப் பொடிசுகள், ஏற்கெனவே கேட்ட கதை வரும்படியாகச் சப்பின! அர்த்தம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த ஏற்ற இறக்கம், அந்தத் தாளம்.

இன்னொன்று, 2003-ல். சியாட்டில் நகரத்தில் பட்ரீஷியா கூல் என்ற அம்மையார் நடத்தியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள். வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். அந்தக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் எதிரே உட்கார்ந்து, புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். பன்னிரண்டே தடவை, தடவைக்கு 25 நிமிஷம். முடிவில், சீன மொழியின் நுணுக்கமான ஓசை வித்தியாசம் ஒன்றை அந்தக் குழந்தைகள் கண்டுபிடித்தன. தைவானில் பிறந்து வளர்கிற குழந்தைகளுக்கு ஈடாக! அதே ஆட்கள், அதே பேச்சு... ஆனால், டி.வி-யில் பார்த்த இன்னொரு குழந்தைக் கூட்டம்? ஒன்றும் கற்கவில்லை. வெறும் ஒலியை மட்டும் கேட்டவர்களும் அப்படியே.

எதிரே ஒரு ஆள் வேண்டும். கண்ணைப் பார்க்கிற, சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கிற ஆள். செல்போனைக் கையில் கொடுத்து 'ரைம்ஸ் பாத்துக்கிட்டே நல்லா இங்கிலீஷ் கத்துக்குது' என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உடனே ஒரு சந்தேகம் வரும். 'அப்போ புத்தகம் எதுக்கு? சும்மா பேசினா போதாதா?'

பேசுங்கள், நன்றாகப் பேசுங்கள். ஆனால், குழந்தையிடம் நாம் பேசுவது பெரும்பாலும் என்ன? 'வாயைத் திற. கையை எடு. சீ, கீழே போடு.' எல்லாமே உத்தரவு. புத்தகத்தைத் திறந்ததும் இந்த உத்தரவு நின்றுவிடுகிறது. சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் சம்பந்தமே இல்லாத யானையும் நிலாவும் கப்பலும் பேச்சுக்குள் வருகின்றன. இன்னொன்றும் நடக்கிறது. ஒன்பது, பத்து மாத வாக்கில் குழந்தை விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிக்கும். 'அதோ' என்று அது காட்டும், நாம் பார்ப்போம். நாம் பார்த்தோமா என்று அது திரும்பிப் பார்க்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைப் பார்ப்பது... மனிதர்களுக்குள் நட்பு என்று நாம் சொல்வதெல்லாம் இங்கேதானே தொடங்குகிறது? அதற்கு இடம் போட்டுக் கொடுக்கிற பாய்தான் புத்தகம்.

ஆக, தேர்ந்தெடுக்கும்போது 'இதில் என்ன கற்றுக்கொள்ளும்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இதை வைத்துக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் எப்படி இருப்போம்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் தானாக வரும்.

முதலாவது, படிக்கிற உங்களுக்குப் பிடிக்க வேண்டும். சுயநலம் மாதிரி தெரியும், இல்லை. குழந்தை ஒரு புத்தகத்தில் விழுந்துவிட்டால் நூறு தடவை கேட்கும். ஐந்தாவது தடவையே உங்களுக்குக் கொட்டாவி வந்தால், குழந்தைக்குக் கதை தெரிகிறதோ இல்லையோ, கொட்டாவி நன்றாகத் தெரிந்துவிடும். எந்த வரியைச் சொல்லும்போது உங்கள் குரலில் தானாக ஒரு துள்ளல் வருகிறதோ அந்தப் புத்தகத்தை எடுங்கள். அறிவாளிகள் என்ன சொல்கிறார்கள் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

அறிவாளிகள் எப்படிச் சறுக்கினார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1947-ல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 'குட்நைட் மூன்' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. முயல் குட்டி ஒன்று படுக்கையில் படுத்திருக்கும். அறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்காக குட்நைட் சொல்லும். அவ்வளவுதான் கதை! திருப்பமில்லை, நீதியில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவை நெடுங்காலம் நடத்தியவர் ஆன் கரோல் மூர். 1941-ல் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. விளைவு, 1972 வரை அந்த நூலகத்தின் அலமாரியில் அது இல்லை. கால் நூற்றாண்டு! அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கிப்போயிருந்தன. பெரியவர்களுக்கு 'ஒன்றுமே இல்லாத' புத்தகம். ஆனால், விளக்கு அணையப் போகிற நேரத்தில், நாற்காலி இருக்கிறது, சீப்பு இருக்கிறது, எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருவது ஒரு பிஞ்சுக்கு எவ்வளவு பெரிய தைரியம்! மூர் தேடியது இலக்கியம். குழந்தைக்கு வேண்டியிருந்தது துணை.

இரண்டாவது, குழந்தையைப் பார்த்து வாங்குங்கள், அட்டையைப் பார்த்து அல்ல. இதில் நம் முன்னோர்கள் கில்லாடிகள். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுடைத் தலைவன் கடவுளாக இருந்தாலும் சரி, ராஜாவாக இருந்தாலும் சரி... செங்கீரைப் பருவத்தில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆட வேண்டும். சப்பாணிப் பருவத்தில் கை தட்ட வேண்டும். அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாடக் கூப்பிட வேண்டும். முதலில் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அப்புறம் அதற்கேற்ற பாட்டு.

அதே வழியில் போகலாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கிற குழந்தைக்கும் அம்மாவின் முகத்துக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான்! அந்தச் சமயத்தில் கறுப்பு வெள்ளையில் பட்டை பட்டையாக உள்ள படமோ, ஒரு தாலாட்டோ போதும். நாலைந்து மாதத்தில் கை நீளும். துணிப் புத்தகம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எல்லாம் வாய்க்குத்தான். மூலை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் வேண்டும். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. அந்த வரியில் சத்தம் இருந்தால் விசேஷம். மியாவ், டமால், சளக் புளக்! குழந்தைகளின் முகம் உள்ள படங்கள் என்றால் எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். ஒரு வயதை நெருங்கும்போது, மூடியைத் திறந்தால் உள்ளே யாரோ ஒளிந்திருக்கிற மாதிரி புத்தகம். எதுவானாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டும்.

நீதி? அதற்கு அவசரமே இல்லை. வடையைத் திருடிய காக்காவிடம் எட்டு மாசக் குழந்தைக்கு எந்த வருத்தமும் கிடையாது. அது காக்காவைப் பார்க்கும், கா கா என்று நீங்கள் கத்தும்போது உங்கள் வாயைப் பார்க்கும். போதும்.

மூன்றாவது, உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் படியுங்கள். இது கொஞ்சம் நெருடலான விஷயம். நம் வீடுகளில் பலர் தமிழில்தான் சிரிக்கிறார்கள், தமிழில்தான் கோபப்படுகிறார்கள். குழந்தை முன்னால் புத்தகத்தைத் திறந்தவுடன் திடீரென்று குரல் மாறிவிடுகிறது. 'லுக் கண்ணா, திஸ் ஈஸ் எ டாகி. டாகி சேஸ் பவ் வவ்.' உடம்பு விறைத்துக்கொள்கிறது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் குரலில் கேட்கிறது. ஆங்கிலம் இயல்பாக வருகிற வீட்டில் ஆங்கிலத்தில் படியுங்கள், குற்றமே இல்லை. வராத வீட்டில், ஆங்கிலப் புத்தகமாகவே இருந்தாலும் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். 'இந்த நாய்க்குட்டி எங்க போகுது? நம்ம தெருமுனை டீக்கடைக்கா?' யார் கேட்கப் போகிறார்கள்! ஆங்கிலம் பின்னால் வந்து சேரும். கொஞ்சலுக்குத்தான் காலம் போனால் வராது.

கெட்டி அட்டைப் புத்தகம் ஆங்கிலத்தில் கிடைக்கிற அளவுக்குத் தமிழில் கிடைப்பதில்லை என்பது நிஜம். ஆனால், ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1990-களிலிருந்தே சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப் புத்தகங்கள் போட்டு வருகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

எதுவும் கிடைக்கவில்லையா? வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே, கெட்டி அட்டையில்! நாலைந்தை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, வாசல் நாய் என்று போட்டோ ஒட்டி, ஓரத்தில் நூலால் தைத்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னும் ஜிகினாவும் மட்டும் வேண்டாம், வாய்க்குள் போய்விடும். உங்கள் குழந்தைக்கு இதைவிடச் சுவாரசியமான புத்தகம் எந்த நாட்டிலும் அச்சாகவில்லை.

நான்காவது, மூடி வைக்கிற உரிமை குழந்தைக்கு உண்டு. மூன்று பக்கத்தைச் சேர்த்துத் திருப்புகிறதா? திருப்பட்டும். யானைப் பக்கத்திலேயே நிற்கிறதா? நில்லுங்கள். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கப் பார்க்கிறதா? விட்டுவிடுங்கள். 'இரு, இன்னும் ரெண்டு பக்கம்தான்' என்று அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயால் பேசத் தெரியாத ஒருவர், தன்னிடம் உள்ள ஒரே வழியில் 'போதும்' என்று சொல்கிறார். அதை நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். தன் சொல் எடுபடும் என்று ஒரு மனிதருக்குத் தெரிகிற முதல் இடம் இது. மாரல் வேல்யூஸ் கேட்டாரே அந்த அப்பா... அவர் தேடினது இங்கேதான் இருக்கிறது, பூனை புத்தகத்துக்குள்ளேயே.

இத்தோடு முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால், ஒரு முள் பாக்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஆடம் ஸ்விஃப்ட் என்று ஒரு தத்துவப் பேராசிரியர். ஹாரி பிரிக்ஹவுஸ் என்ற இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து, 2014-ல் குடும்பத்தின் தர்ம நியாயங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலிய வானொலியில் பேசும்போது ஒரு விஷயத்தைச் சொன்னார். எக்கச்சக்கமாகப் பணம் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குத் தரும் சாதகத்தைவிட, ராத்திரி படுக்கையில் கதை கேட்டு வளர்வது தரும் சாதகம் பெரிது. ஆகவே, கதை படிக்கும் பெற்றோர்கள் எப்போதாவது ஒரு தடவையேனும், 'கதை கிடைக்காத பிள்ளையை நம் பிள்ளை அநியாயமாக முந்துகிறதே' என்று நினைத்துப் பார்க்கலாம் என்றார்.

வந்ததே வினை! 'கதை படிப்பது பாவமா?' என்று உலகம் பூராவும் அவரைத் திட்டினார்கள். பாவம், அவர் சொல்லவந்ததே வேறு. கதை படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. காசு கொட்டி வாங்குகிற உயர்தரப் பள்ளியை நியாயப்படுத்த முடியாது. மடியில் வைத்துக் கதை படிப்பதை நியாயப்படுத்த முடியும் என்றுதான் சொன்னார். ஏனென்றால், கதை படிப்பது வெறும் சாதகம் மட்டும் கிடையாது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவே அதில்தான் உண்டாகிறது. அதைப் பிடுங்கினால் குடும்பம் என்று ஒன்று மிஞ்சாது.

இதை நம் கண்காட்சி அப்பாவிடம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அவர் படிக்கப்போவது க்யூவில் முந்துவதற்காக. அப்படியானால் அந்தப் புத்தகமும் ஒரு கோச்சிங் கிளாஸ்தான், மடியில் நடக்கிற கோச்சிங் கிளாஸ். பூனை ஒளிந்துகொண்டு திரும்ப வருகிற புத்தகத்தைச் சும்மா சிரிப்பதற்காக வாங்குகிறவர் வேறு இடத்தில் நிற்கிறார். இரண்டு பேர் செய்வதும் பார்வைக்கு ஒன்றுதான். எந்தப் புத்தகத்தை எடுக்கிறோம் என்பதில்தான் எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

'சரி சார், நான் அன்பாத்தான் படிக்கிறேன். முள் போச்சா?'

போகவில்லை. உங்கள் மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கதை கேட்ட குழந்தை நாலு வார்த்தை கூடுதலாகத் தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போகும். கேட்காத குழந்தை அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அன்பு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்குக் குறைவாக இருப்பது புத்தகமும் நேரமும்.

அந்த நேரம் எங்கே போயிற்று?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான், இருந்தாலும் கேட்டுவிடுவோம். சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் குழந்தையை மடியில் வைத்துப் புத்தகம் பிரிக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. தேய்க்கிற அம்மாவுக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கலாம். அதைப் பாட்டியோ, எட்டு வயது அக்காவோ பார்த்துக்கொள்ளலாம். நம் மடியில் கதை படிக்கிற அந்த அரை மணி நேரம், இன்னொரு மடியிலிருந்து நாம் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால்? ஆடம் ஸ்விஃப்ட் சொன்ன முள் உலகத் தத்துவமாகத் தூரத்தில் இருக்கும்போது குத்தாது. சமையலறைவரை வந்தால்தான் குத்தும்.

இதற்கு விடை, நாம் படிப்பதை நிறுத்துவது இல்லை. ஒரு குழந்தையின் கதையைக் குறைத்தால் இன்னொரு குழந்தைக்கு ஒரு வரிகூடக் கூடப்போவதில்லை. மற்ற மடிகளுக்கும் புத்தகம் போய்ச் சேர வேண்டும், அதுதான் விஷயம். உலகத்தில் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சில குழந்தை டாக்டர்கள், தங்களிடம் வருகிற ஏழைக் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டோடு ஒரு புத்தகத்தையும் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1992-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 300 குழந்தைகளின் வீட்டுக்குப் புத்தகப் பை போயிற்று. அதுதான் 'புக் ஸ்டார்ட்' என்ற பெரிய திட்டமாக வளர்ந்தது.

நம் ஊரில் இதைச் செய்வது ரொம்பச் சுலபம். பிறந்ததும் ஒன்று, அப்புறம் 6, 10, 14-வது வாரங்களில், பிறகு ஒன்பதாவது மாதத்தில்... என்று தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகள் வரிசையாக வருகின்றன. ஊசி போட்டு, அழுகிற குழந்தையை அம்மா சமாதானப்படுத்துகிற அந்த நிமிஷத்தில், ஒரு சின்ன அட்டைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

'அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே?' என்று கேட்பீர்கள். தெரிய வேண்டியதில்லை. படம் இருக்கிறது, வாய் இருக்கிறது, மடி இருக்கிறது. சொல்லப்போனால், எழுத்தைப் பார்த்து ஒப்பிக்கிற நம்மைவிட, படத்தைப் பார்த்துத் தானே கதை கட்டுகிற அம்மாதான் குழந்தையின் முகத்தை அதிகம் பார்ப்பாள். அது மோசமான வாசிப்பு என்று யார் சொன்னது?

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்போது அதே புத்தகத்தில் இரண்டு வாங்குங்கள். உங்கள் குழந்தை கடித்து, கிழித்து, மிச்சம் வைத்ததைக் கொடுக்காதீர்கள். புதிதாக ஒன்று, கடைப் பையோடு. அதைவிட முக்கியம், வாரத்தில் இரண்டு நாளாவது, 'பாத்திரம் நாளைக்குப் பாத்துக்கலாம்மா, நீங்க சீக்கிரம் கிளம்புங்க' என்று சொல்லிப் பாருங்கள். சம்பளத்தில் கை வைக்காமல். ஏனென்றால், புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நேரத்தை நாமே வைத்துக்கொண்டால், அந்தப் புத்தகம் அவர்கள் வீட்டு அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்குப் பாத்திரம் சிங்க்கில் கிடக்கும். கிடக்கட்டும். இரண்டு வீட்டில் ஒரே பூனை ஒளிந்துகொண்டு, ஒரே நேரத்தில் திரும்ப வந்து எட்டிப் பார்க்கும்.